மரக்காணம் உப்பளமும் தீப்பெட்டி அளவு பாட்டுப் பெட்டியும்

சின்ன எம்பி3 பிளேயர் வாங்கலாமா வேண்டாமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரத்தோடு திரும்பிவிடாமல் இன்னும் தெற்கே போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பயணத்தில் எனக்கு விடை கிடைத்தது. போனது இந்த 2006 மே மாதம், மூன்றாவது சனிக்கிழமை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன்.

ஸ்டெல்லா மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளியான செசிலியின் மகள். வயது இருபத்திரண்டு. பிறவியிலேயே பார்வை கிடையாது. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். நான் சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நாள் முழுக்க மனசுக்குள்ளேயே படித்துக் கொண்டிருப்பவன் மாலையில் கொஞ்சம் சத்தமாகப் படித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் வேலையை இரண்டு வருடமாகச் செய்து வருகிறேன். ஸ்டெல்லாவுக்கு மட்டும் இருபத்தாறு கேசட் தபாலில் போயிருக்கிறது. ஆனால் ஒருவரை ஒருவர் நேரில் சந்தித்ததில்லை. அவளிடமிருந்து வருவதெல்லாம் அவள் தோழி எழுதிக் கொடுக்கும் போஸ்ட் கார்டுகள்தான். ஒன்றில் 'சார் வேகமாகப் படிக்கிறார், பஸ் பிடிக்கப் போகிறாரா என்று கேட்கவும்' என்று இருந்தது.

மார்ச் மாதம் என் டேப் ரெக்கார்டர் நாடாவை மென்று தின்ன ஆரம்பித்தது. ரிப்பேர்க் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. நேராக ரிச்சி தெருவுக்குப் போய், மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு எம்பி3 பிளேயர் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியில் அச்சடித்திருந்த ஆங்கிலத்தில் மட்டும் பதினொரு பிழைகள் இருந்தன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. 512 எம்பி நினைவகம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியை விடச் சின்னதாக ஒரே ஒரு பேட்டரி. அது பன்னிரண்டு மணி நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள், எனக்கு எட்டரை மணி நேரம் வந்தது. எஃப்எம் உண்டு. எல்லாவற்றையும் விட, உள்ளேயே மைக் இருக்கிறது. ஸ்டெல்லாவின் மூன்றாவது தாளுக்கான பதினோரு பாடங்களையும் அதில்தான் வாசித்தேன். பதினான்கு மணி நேரம். கேசட்டாக இருந்தால் ஒரு பை நிறைய ஆகியிருக்கும்.

இனிக் குறைகள். வாசித்ததைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனால், அங்கிருந்த விண்டோஸ் 98 இதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் சிடி கேட்டது. பெட்டியில் சிடி இருந்தது, அந்தக் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் வேலை செய்யவில்லை. அடுத்த வாரம் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. இன்னொரு குறை, எல்லாமே திரையைப் பார்த்துச் செய்ய வேண்டியதாக இருப்பது. பாட்டு, எஃப்எம், குரல் பதிவு எல்லாம் ஒரே பொத்தானில். எதில் இருக்கிறோம் என்பதைத் திரைதான் சொல்லும். கேசட்டில் அந்தத் தொல்லை கிடையாது. விரலால் தடவினாலே நாடா எந்தப் பக்கம் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கண் தெரியாத ஒருத்திக்கு இதைத் தபாலில் அனுப்பிவிட்டால் அவள் என்ன செய்வாள்? அதனால்தான் கையோடு கொண்டுபோய், பொத்தான்களைப் பழக்கிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். பரீட்சை செவ்வாய்க்கிழமை, திண்டிவனத்தில். இடையில் இரண்டரை நாள் இருந்தது.

திருவான்மியூரில் காலை 5.40-க்குப் புதுச்சேரி பஸ். மரக்காணத்துக்கு டிக்கெட் 38 ரூபாய். கடல் பக்கம் உட்கார வேண்டுமென்றால் இடது கை ஜன்னல். கல்பாக்கம் தாண்டியதும் கூட்டம் குறைந்தது, காற்று வந்தது. குரல் பதிவு சரியாக வருகிறதா என்று ஏழாம் பாடத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன். ஸ்டெல்லா சொன்னது சரிதான், பஸ் பிடிக்கிற மாதிரிதான் படித்திருக்கிறேன். கையிலிருந்த ஒரு லிட்டர் தண்ணீரையும் வழியிலேயே குடித்து முடித்தேன். இறங்கும்போது மணி 8.20.

ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டில், "அம்மா கூட உப்பளத்துக்குப் போயிருக்குது சார். அங்க ஷெட்டுல உக்காந்துதான் பாடம் கேக்கும்" என்றார்கள். ஒரு ஆட்டோ பிடித்தேன். நான்கு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை அளந்தார்.

"உப்பளத்துக்கு எதுக்கு சார்? ஷூட்டிங்கா?"

"இல்லங்க, ஒருத்தரைப் பார்க்கணும்."

"ஷூட்டிங் பார்ட்டின்னா தொப்பி போட்டுட்டு வருவாங்க. நீங்க தொப்பி இல்லாம வந்திருக்கீங்க. பத்து மணிக்கு மேல நிக்காதீங்க, வறுத்துடும்."

சாலையோரம் இறக்கிவிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகள். சிலவற்றில் தண்ணீர் நின்றது, சிலவற்றில் உப்பு விளைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆண்கள் நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க, பெண்கள் அதைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் குவித்துக் கொண்டிருந்தார்கள். விடியுமுன் நாலு மணிக்கு டார்ச் லைட்டோடு இறங்கினால் பத்துக்குள் கரையேறிவிடுவார்களாம். அதற்கு மேல் அந்த வெள்ளையைக் கண் கொண்டு பார்க்க முடியாது.

ஓலை ஷெட் இருநூறு அடி தூரத்தில் தெரிந்தது. நடுவே ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு பனந்துண்டு போட்டிருந்தது. ஒரு கையில் மாம்பழப் பை, இன்னொரு கையில் செருப்பு. பாதித் துண்டு தாண்டியதும் கால் வழுக்கியது. கீழே பார்ப்பதற்காகக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து பிளேயர் நழுவி, வாய்க்காலில் விழுந்தது.

"ஐயோ!" என்று அலறினேன்.

ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "அம்மா, இது கேசட்டு சாரு குரல்மா!" என்றது. இரண்டு வருடப் பழக்கத்தில் ஸ்டெல்லா என்னிடமிருந்து நேரில் கேட்ட முதல் வார்த்தை அந்த ஐயோதான்.

முழங்கால் ஆழம். பேன்ட்டோடு இறங்கித் துழாவி எடுத்தேன். காலில் எங்கெங்கே சிராய்ப்பு இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது, அப்படி எரிந்தது. திரையில் ஏதோ ஒரு கோடு மின்னிவிட்டு அணைந்தது. அதற்குள் இருந்த பதினான்கு மணி நேரத்துக்கு வேறு பிரதி இல்லை. புத்தகத்தை வியாழக்கிழமைதான் நூலகத்தில் திருப்பிக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண் ஒரு வருடம் காத்திருக்க வேண்டி வந்தால் அதற்கு என் சோம்பேறித்தனம்தான் காரணம். அவசரமாகக் கைக்குட்டையால் துடைத்து, வெயில் நன்றாகப் படும் இடமாகப் பார்த்து வரப்பின்மேல் வைத்தேன்.

தலைச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா வேகமாக வந்தார். ஒல்லி உடம்பு, புடவைக்கு மேல் ஆண் சட்டை. அவர்தான் செசிலி.

"என்னா சார் பண்றீங்க?"

"வெயில்ல காய வைக்கிறேன்மா."

"காயக் கூடாது சார்! காஞ்சாத்தான் கெட்டுது." சொல்லிக்கொண்டே அதைக் கையில் எடுத்துவிட்டார். "பேட்ரி எங்க இருக்குது? எப்படித் தொறக்கறது?"

மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தேன். அவர் ஷெட்டுக்குப் போய், அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்த மஞ்சள் நிற ஐந்து லிட்டர் கேனையும் ஒரு டிபன் மூடியையும் கொண்டுவந்தார். எனக்கு அப்போதுதான் அவர் செய்யப் போவது புரிந்தது.

"ஐயையோ, வேணாம்மா. இது எலக்ட்ரானிக்ஸ். இதுல தண்ணியே படக் கூடாது."

"இப்ப எதுல இருந்து எடுத்தீங்க?"

திரும்பி வாய்க்காலைப் பார்த்தேன்.

"டார்ச் லைட்டு வாரத்துக்கு ஒண்ணு இதுல விழுது சார். அப்படியே காயப் போட்டா உள்ள உப்பு பூத்துடும். அப்புறம் கம்பியெல்லாம் தின்னுடும். நல்ல தண்ணில அலசி நெழல்ல போட்டா எரியுது. நாங்க பண்றதுதான?"

நான் இன்னமும் கையை நீட்டிக் கொண்டுதான் நின்றேன், பிடுங்கிவிடலாமா என்று. ஷெட்டின் நிழலிலிருந்து ஸ்டெல்லா சொன்னாள்: "குடுத்துடுங்க சார். என் பரீட்சதான அதுக்குள்ள இருக்குது. அம்மாவே அலசட்டும்."

செசிலி டிபன் மூடியில் தண்ணீர் ஊற்றினார். பிளேயரை அதில் முக்கி, மூடியில்லாத பேட்டரி வாய் வழியாகத் தண்ணீர் போய் வரும்படி மெல்ல ஆட்டினார். பிறகு வெளியே எடுத்து உதறி, அதன் ஓரத்தில் சொட்டிய நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கரிக்குது" என்று அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஊற்றினார். மறுபடி நாக்கு. "இன்னும் கரிக்குது." மூன்றாவது தடவை முகத்தைச் சுளித்தார். ஒவ்வொரு தடவையும் மூடி நிறைய. ஐந்தாவது தடவைதான், "சப்புன்னு இருக்குது. போதும்" என்றார். பிழை திருத்துவதில் நான் மூன்று முறைக்கு மேல் ஒரு பக்கத்தைப் பார்த்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது பலகை பிடித்துக் கொண்டிருந்த பெருமாள் என்பவர் பாத்தியிலிருந்து கத்தினார்: "ஏம்மா செசிலி, கேனைக் காலி பண்ணிட்டியே, பத்து மணி வரைக்கும் என்னா குடிப்ப?"

"ஒரு நாளு தாங்கும் போ."

எனக்குச் சுரீரென்றது. அது அவர் குடிக்கிற தண்ணீர். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் நிற்கிற இடத்தில் குடிக்க ஒரு சொட்டு கிடையாது. கிணறும் கைப்பம்பும் உப்பு. தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வருவதைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கேன் எடுத்து வருகிறார்கள். அன்று குழாய் வராத நாள். மே மாத வெயிலில் இன்னும் ஒரு மணி நேர வேலை பாக்கி. முகம் தெரியாத ஒருவனுடைய சாமானுக்கு, கொஞ்சம்கூட யோசிக்காமல் அதைக் கவிழ்த்திருக்கிறார். என்னுடைய பாட்டிலை நான் பஸ்ஸில் ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டே குடித்து முடித்திருந்தேன்.

செசிலி பிளேயரைத் தன் தலைத்துணியில் சுற்றி ஸ்டெல்லாவின் மடியில் போட்டுவிட்டுச் சட்டியைத் தூக்கிக் கொண்டு போய்விட்டார். நான் ஈர பேன்ட்டோடு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு பெட்டிக்கடை. ஒரு லிட்டர் பாட்டில் பன்னிரண்டு ரூபாய், நான்கு வாங்கினேன். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. செசிலி ஒரு பாட்டிலை அண்ணாந்து, இடையில் நிறுத்தாமல் குடித்து முடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினோரு மணிக்கு அவர்கள் வீடு. பிளேயரைப் பழைய வேட்டித் துணியில் வைத்து அலமாரித் தட்டில் நிழலில் வைத்தார் செசிலி. நாலு மணி வரை தொடக்கூடாது என்று உத்தரவு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும் கிடைத்தது. இந்தப் பயணத்தில் சாப்பாட்டுக்குச் செலவு பூஜ்யம், அதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

சாப்பிட்டதும் ஸ்டெல்லா, "பட்டன் எப்படி இருக்கும்னு சொல்லுங்க சார்" என்றாள். ஓடுமா ஓடாதா என்று தெரியாத பொருளுக்குப் பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. அவள் விடவில்லை. ஒரு சோப்புப் பெட்டியை எடுத்து, புளியங்கொட்டைகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, இது பிளே, இது முன்னால், இது பின்னால் என்று வைத்துக் கொடுத்தேன். நீள அழுத்து ஒன்று, குட்டி அழுத்து மூன்று என்றால் குரல் பதிவு. வலது பக்கம் ஒரு அழுத்துக்கு ஒரு பாடம். அரை மணி நேரத்தில் என்னை விட வேகமாக அழுத்தினாள். "இதுக்குப் போய் எதுக்கு சார் ஸ்கிரீன் வெச்சாங்க?" என்று கேட்டாள்.

நாலு மணிக்குத் துணியைப் பிரித்தோம். செசிலி ஒரு முறை நுனி நாக்கால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். புதுப் பேட்டரி போட்டு, பையிலிருந்த இயர்போனைச் செருகினேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. பேட்டரியைத் திருப்பிப் போட்டு, துடைத்து, மறுபடி போட்டு அழுத்தினேன். ஒரு மூலையில் மட்டும் மை கொட்டின மாதிரி கறுப்பு. பிளே பொத்தானையும் இரண்டு மூன்று தடவை குத்திப் பார்த்தேன். செசிலி என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். "போச்சும்மா" என்றேன். ஸ்டெல்லாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வார்த்தை தேடிக்கொண்டே, பேட்டரியைக் கழற்ற நகத்தை வைத்தேன்.

"புடுங்காதீங்க சார்!"

ஸ்டெல்லா இயர்போனை எப்போது காதில் வைத்துக்கொண்டாள் என்று நான் கவனிக்கவே இல்லை.

"பேசிட்டுத்தான சார் இருக்கீங்க நீங்க!"

இன்னொரு இயர்போனை வாங்கிக் காதில் வைத்தேன். ஏழாம் பாடம். பஸ்ஸில் விட்ட இடத்திலிருந்து என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திய இடத்தை மறக்காது என்பதையும் இதன் நல்ல குணங்களில் சேர்த்துக் கொள்ளுங்கள். செத்தது திரை மட்டும்தான். நான் கண்ணால் பார்த்தே முடிவு கட்டியிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டியவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார், அவரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டிருந்தார்.

முதல் பாடத்துக்குப் போய்க் காட்டுகிறேன் என்று வாங்கினேன். திரை இல்லாமல் எனக்கு எஃப்எம்தான் வந்தது, அப்புறம் ஏதோ பாட்டு. ஸ்டெல்லா சிரித்தபடி கையை நீட்டினாள். நீள அழுத்து ஒன்று, குட்டி அழுத்து மூன்று, இடது பக்கம் ஆறு. "பாடம் ஒன்று" என்றது என் குரல்.

5.30-க்குத் திரும்பும் பஸ். இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிட்டேன்.

இனி, கேட்டவர்களுக்கு. இந்த மாதிரி பிளேயர் வாங்கலாம். எடை குறைவு, பேட்டரி எங்கும் கிடைக்கும், குரல் பதிவு தெளிவு. ஆனால் சட்டைப் பையில் வைக்காதீர்கள், கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். எதைப் பதிவு செய்தாலும் அன்றைக்கே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. மரக்காணத்துக்குக் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள், பனந்துண்டில் இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டு நடங்கள். படம் பிடிக்கும் முன் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும் என்று நினைத்தால், ஐந்து லிட்டர் எடுத்துப் போங்கள். மிச்சத்தை ஷெட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அச்சகத்துக்கு போன் வந்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்திலிருந்து ஸ்டெல்லா.

"சார், பெரிய கேள்வி ஏழாவது பாடத்துல இருந்து வந்துச்சு சார். நடுவுல ஒரு எடத்துல நீங்க ரொம்ப நேரம் இருமுவீங்களே, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு வரி விடாம சொல்லிட்டேன். அந்த இருமல் எடம் வந்ததும் எனக்கும் இருமல் வந்துடுச்சு சார். எனக்குப் பதிலா எழுத வந்த பொண்ணு பயந்துபோயி ஓடிப்போயி தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் பேச்சே நின்றுவிட்டது. ரிசீவர் கை மாறியது.

"நல்லா எழுதியிருக்குது சார்" என்றார் செசிலி. "பொட்டியில இப்ப ஒண்ணும் கரிக்கல. தினம் ஒரு தடவ நாக்கு வெச்சுப் பாத்துக்கினுதான் சார் இருக்கேன்."